பாதி எழுதிய மட்டை

நடந்தது இது:

1. ஸைனப் என்ற பன்னிரண்டு வயது மாணவி, நான் நடத்திய வகுப்பில், தன் பக்கத்து ஆட்கள் இலங்கைப் போர்க்காலத்தில் செய்த பிழையை ஒரு காகித மட்டையின் இடப்பாதியில் எழுதினாள்.

2. அவளுடைய சோடியான ஆதிரா, தன் பக்கத்து ஆட்கள் செய்ததை வலப்பாதியில் எழுதவேண்டும். என்ன எழுதுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. என்னிடம் கேட்டாள்.

3. எனக்குத் தெரியும். நான் சொல்லவில்லை.

4. அந்த மட்டையை, வலப்பாதி வெறுமையாக இருக்க, கண்காட்சிச் சுவரில் குத்தினேன்.

5. ஸைனப்பின் தாய் பர்வீன் அக்கா அதைப் பார்த்தார். நிகழ்ச்சி முடியும் முன்பே மகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

இந்தப் பருவத்திலிருந்து ஐரோப்பியக் குடியுரிமை வகுப்பைக் கற்பிக்கப்போகிற உங்கள் மூவருக்கும் இதை எழுதுகிறேன். பாடக் குறிப்புகளையும் வரைபடங்களையும் ஏற்கெனவே தந்துவிட்டேன். அவற்றைப் பற்றி இங்கே எழுதுவதற்கு ஒன்றுமில்லை. வகுப்பு நடுவே ஒரு கேள்வி எழும்பும்போது, பதில் சொல்வதற்கு இருக்கிற அந்தச் சில நொடிகளில் என்ன செய்யக்கூடாது என்பது மட்டும்தான் குறிப்புகளில் இல்லாதது. அதில் எனக்கு இப்போது நல்ல அனுபவம் இருக்கிறது.

மொன்றியலில் ஒரு சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் ஐரோப்பியக் குடியுரிமை எதற்கு என்று உங்களைக் கேட்பார்கள். என்னையும் கேட்டார்கள். என் பதில் எப்போதும் ஒன்றுதான்: எங்கள் பிள்ளைகளின் சொந்தத்தில் பாதி அங்கேதான் இருக்கிறது. பெரியப்பா பாரிசில், மாமி ஜேர்மனியில், சித்தி ஒல்லாந்தில். கோடை விடுமுறைக்குப் போய்வந்த பிள்ளை, மச்சானோடு ஐஸ்கிறீம் வாங்க ரைன் நதிப் பாலத்தைக் கடந்து வேறு நாட்டுக்குப் போனதையும், ஒருவரும் பாஸ்போர்ட் கேட்காததையும் வகுப்பில் வந்து சொல்லும். அந்தப் பாலத்தின் இரண்டு கரையிலும் இருந்தவர்கள் ஒரு காலத்தில் ஒருவரையொருவர் கொன்றவர்கள் என்று சொன்னால் நம்பாது. பாடம் அங்கே தொடங்கும். ஒரு நாட்டவர் இன்னொரு நாட்டில் போய் இருக்கவும், வேலை செய்யவும், ஊர்த் தேர்தலில் வாக்களிக்கவும் உரிமை பெற்றது எப்படி, அதற்கு முன் அவர்கள் ஒருவருக்கொருவர் எதைச் சொல்லவேண்டியிருந்தது என்பதுதான் பாடம். ரைன் நதிக்கரையில் ஒரு நகரத்துத் தமிழ்ப் பள்ளி ஆசிரியை ஒருவர் இதை எழுதியிருந்தார். அவரிடம் வாங்கி எங்கள் பிள்ளைகளுக்கு ஏற்ப நான் மாற்றினேன்.

அதில் ஒரு பயிற்சிக்கு ‘இரு கரை மட்டை’ என்று பெயர். பிள்ளைகள் சோடி சோடியாக இருப்பார்கள். ஒரு பிரிஸ்டல் மட்டையின் நடுவே ஆறு ஒன்று கீறவேண்டும். ஒருவர் இந்தக் கரை, மற்றவர் அந்தக் கரை. விதிகள் மூன்று. உன் கரையின் ஆட்கள் செய்ததை மட்டும் எழுது. மற்றக் கரையின் பாதியைத் தொடாதே. இரண்டு பாதியும் நிரம்பாத மட்டை சுவரில் ஏறாது.

மூன்றாவது விதியை நீங்கள் என் குறிப்புகளில் கண்டிருக்கமாட்டீர்கள். அதை நான் நீக்கிவிட்டேன்.

நான் கணினிப் பொறியியல் படித்தவள். மென்பொருளைச் சோதிப்பது என் தொழில். ஒரு சோதனை திரும்பத் திரும்பத் தோற்றால் இரண்டு வழி உண்டு. ஏன் தோற்கிறது என்று தேடலாம். அல்லது சோதனையையே நீக்கிவிட்டு எல்லாம் பச்சை விளக்கு என்று அறிக்கை கொடுக்கலாம். இரண்டாவதைச் செய்கிற ஆட்களைப் பற்றி அலுவலகத்தில் நான் மரியாதையாகப் பேசியதில்லை. ஆனால் பள்ளியில் அதைத்தான் செய்தேன். ஒரு வருடம், ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் வந்து வராததால் சோடியின் மட்டை அரைகுறையாக நின்றது. மற்றப் பிள்ளையின் தாய் தொலைபேசியில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

“என்ர பிள்ளை எழுதினதைப் போடாமல் விட்டது எந்த ஊர் நியாயம்? அவள் இரவிரவா இருந்து பூ எல்லாம் கீறினவள்.”

அடுத்த வருடம் அந்த விதி இல்லை. பாடத்தை எழுதிய ஜேர்மனி ஆசிரியைக்கு இதைத் தொலைபேசியில் சொன்னேன். “அது இல்லாட்டி மற்ற ரெண்டு விதியும் ஆபத்து. யோசிச்சுச் செய்யும்” என்றார். நான் யோசிக்கவில்லை. பெற்றோர் ஒருவரும் அதற்குப் பிறகு என்னைத் தொலைபேசியில் பிடிக்கவில்லை என்பதால், சரியான முடிவு என்றே எடுத்துக்கொண்டேன்.

இனிப் பர்வீன் அக்கா. அவர் யாழ்ப்பாணத்தில் பிறந்த முஸ்லிம். இங்கே ஒரு கார்டெரியில் சின்னப் பிள்ளைகளைப் பார்க்கிற வேலை. வீடு ஆற்றுக்கு அக்கரையில், லொங்குய்ய் நகரில். ஒவ்வொரு சனிக்கிழமையும் மகள் ஸைனப்பை மஞ்சள் வழி மெற்றோவில் ஆற்றுக்குக் கீழால் கூட்டிக்கொண்டு வந்து, பிறகு பஸ் எடுத்து, எங்கள் பள்ளிக்கு வருவார். வகுப்பு முடியும்வரை வீணாக இருக்காமல் இடைவேளைச் சாப்பாட்டைத் தன் கையில் எடுத்துக்கொண்டார். அவருடைய மாட்டிறைச்சி ரோல்ஸ் வருகிற நாளில் பிள்ளைகளின் வரவு நன்றாக இருக்கும்.

“உங்கட பிள்ளையள் தமிழுக்கோ வருதுகள் எண்டு நினைக்கிறீர் டீச்சர்?” என்பார். “என்ர ரோல்ஸை ஒரு கிழமை நிப்பாட்டிப் பாரும். பேந்து நீரும் அதிபரும் மட்டும் இருந்து அ, ஆ படிக்கலாம்.”

என்னைவிட வயதில் மூத்தவர். ஆனாலும் டீச்சர் என்றே கூப்பிடுவார், அரைவாசி மரியாதை, அரைவாசி பகிடி. ஒரு நாள் வகுப்பில் யாரோ ஒரு பெடியன், ஸைனப் தமிழா முஸ்லிமா என்று அவரையே கேட்டான். அவர் ரோல்ஸ் தட்டை வைத்துவிட்டு, “மொழி தமிழ். நான் கனவு காணுறதும் தமிழ்லதான், ராசா. ஆனா எங்களைப் போகச் சொல்லேக்க மொழியை ஒருத்தரும் கேக்கேல்லை” என்றார். பெடியனுக்கு அது விளங்கவில்லை. எனக்கு விளங்கியது.

ஏனென்றால் அதற்கு முந்திய மாரியில் அவர் எனக்குச் சொல்லியிருந்தார். பெரிய பனி. பஸ் வரவில்லை. தாயையும் மகளையும் என் காரில் மெற்றோவரை கொண்டுபோய் விட்டேன். ஸைனப் பின்சீற்றில் நித்திரை. நான் ஏதோ கேட்கப்போய், அவர் சொல்லத் தொடங்கினார். தொண்ணூறாம் ஆண்டு இலங்கையின் வடக்கில் இருந்த முஸ்லிம் மக்கள் எல்லாரையும் ஒரேயடியாக வெளியேறச் சொன்ன நாளைப் பற்றி. சொன்னவர்கள் எங்கள் பெயரில், தமிழரின் பெயரில், ஆயுதம் ஏந்தியிருந்தவர்கள்.

“உம்மா சோறு வடிச்சுக்கொண்டு நிண்டவ. வடிச்ச கையோட வெளிக்கிட்டம். எனக்கு அந்தச் சோத்தை ஆர் திண்டிருப்பினம் எண்டதுதான் கனகாலம் யோசனை. சின்னப்பிள்ளைதானே.”

நான், “சரியான கஷ்டம் அக்கா” என்றேன். பிறகு ஹீற்றரைக் கூட்டி வைத்தேன். கார் ஏற்கெனவே சூடாகத்தான் இருந்தது.

வகுப்புக்கு வருகிறேன். இந்த வருடச் சித்திரையில் ஒரு சனிக்கிழமை. பிள்ளைகள் ஜேர்மன் கரை, பிரெஞ்சுக் கரை என்று பிரிந்து இரு கரை மட்டை செய்தார்கள். அன்றைக்கு வகுப்பு அருமையாகப் போனது என்று எனக்குள் ஒரு பெருமை. மற்றவர்களின் போர், மற்றவர்களின் குற்றம். அதை ஒப்புக்கொள்வதில் எங்கள் பிள்ளைகளுக்கு ஒரு தயக்கமும் இல்லை. ஜேர்மன்காரரின் பிழைகளை எழுத இடம் போதவில்லை என்று ஒருவன் மட்டையின் பின்பக்கமும் எழுதினான். “தங்கட பிழையைத் தாங்களே சொன்னபடியால்தான் அந்தப் பாலம் திறந்தது” என்று நான் முடித்தேன். நல்ல வசனம். நான் அதை ஒவ்வொரு வருடமும் சொல்வேன்.

ஆதிரா கை உயர்த்தினாள். ஆதிராவும் ஸைனப்பும் முதல் வகுப்பிலிருந்து ஒன்றாக இருப்பவர்கள். சண்டை வந்தால் பிரெஞ்சில் பிடிப்பார்கள், சமாதானமானால் தமிழுக்கு வருவார்கள்.

“மிஸ், அப்ப எங்கட பக்கம் என்ன செய்தது?”

“எந்தப் பக்கம்?”

“எங்கட. தமிழ். எங்கட ஊரிலயும் சண்டைதானே நடந்தது. எங்களுக்குச் செய்ததெல்லாம் எனக்குத் தெரியும். நாங்கள் என்ன செய்தனாங்கள்?”

பர்வீன் அக்கா பின்னால் பேப்பர்த் தட்டுகளைப் பிரித்துக்கொண்டிருந்தார். தட்டுகளின் சத்தம் நின்றது. நான் அவர் பக்கம் பார்க்கவில்லை.

“அது இந்தப் பாடத்திட்டத்துக்குள்ள இல்லை ஆதிரா” என்றேன். அது பொய் இல்லை. பிறகு, பிள்ளையின் ஆர்வத்தைக் கெடுக்கக்கூடாது என்பதுபோல, “விருப்பமெண்டால் நீங்கள் ரெண்டு பேரும் ஒரு மட்டை வீட்டில செய்துகொண்டு வாங்கோ. அம்மா அப்பாவைக் கேட்டு எழுதுங்கோ” என்றேன்.

இதை நீங்கள் கவனிக்கவேண்டும். பதில் சொல்லாமல் விட்டதை நான் சுதந்திரமாகத் தேடிக் கற்றல் என்று பெயர் மாற்றினேன். கேள்வியை இரண்டு வீடுகளுக்கு அனுப்பினேன். அந்த இரண்டு வீட்டுக் கதவையும் நான் தட்டியிருக்கவேண்டும். பிள்ளைகளைத் தட்ட விட்டேன்.

ஸைனப் இரண்டு கிழமையில் மட்டையைக் கொண்டுவந்தாள். நடுவே நீல ஆறு. இடப்பக்கம் அவளுடைய உருண்டை எழுத்தில்: “எங்கள் பக்கம், முஸ்லிம் பக்கம். கிழக்கில் துவக்கு வைத்திருந்த எங்கள் ஆட்கள் சிலர் தமிழ்க் கிராமங்களுக்குள் போனார்கள். ஆட்களைக் கொன்றார்கள். வீடுகளை எரித்தார்கள். அது பிழை.” கீழே ஒரு எரிந்த வீடு கீறியிருந்தாள். வலப்பக்கம் ஒரு புள்ளிகூட இல்லை. மற்றக் கரையைத் தொடாதே என்பது விதி.

பர்வீன் அக்காவின் குடும்பம் கிழக்கைச் சேர்ந்தது இல்லை. அந்தக் கிராமங்களை அவர் கண்டதுமில்லை. “நீங்கள் ஏன் அக்கா இதை எழுதவைச்சனீங்கள்?” என்று அவரைக் கேட்டேன்.

“பக்கம் எண்டு பிரிச்சது நீர்தானே டீச்சர். எங்கட பக்கம் எண்டால் முழுக்க எங்கட பக்கம்தான். எனக்கு வசதியான ஊரை மட்டும் எடுக்கேலாது.” பிறகு சிரித்தார். “மற்றப் பக்கத்துக்கு நல்ல பெரிய இடம் விட்டிருக்கு. ஆதிரா தாராளமா எழுதட்டும்.”

ஆதிரா ஒன்றும் எழுதிக்கொண்டு வரவில்லை. “அப்பா சொன்னார், எங்கட ஆக்கள் அப்பிடி ஒண்டும் செய்யேல்லையாம். எங்களுக்குத்தான் செய்தவையாம்.” சொல்லிவிட்டு வெட்கப்பட்டாள். வீட்டு வேலை செய்யாமல் வந்த பிள்ளையின் வெட்கம். “மிஸ், நீங்கள் சொல்லுங்கோ. நான் எழுதுறன்.”

பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள். ஒரு வசனம் போதும். பனி நாளில் காரில் கேட்ட வசனம். நான் ஆதிராவின் அப்பாவை நினைத்தேன். மண்டபத்தை நிரப்பப்போகிற மற்ற அப்பாக்களை நினைத்தேன். ஸைனப்பை நினைக்கவில்லை. அவள் பக்கத்தில்தான் இருந்தாள்.

“பேந்து பாப்பம்” என்றேன்.

ஆனி மாதத்தில் ஆண்டிறுதிக் கண்காட்சி. காலையில் மட்டைகளைக் குத்தும்போது அதிபரிடம் இதைக் காட்டினேன். அவர் கெட்டவர் இல்லை. மண்டபத்துக்குக் காசு தருகிறவர்களையும் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து எடுத்துவிடுவோம் என்கிறவர்களையும் வருடக்கணக்காகச் சமாளித்துக் களைத்தவர். மட்டையை நெடுநேரம் பார்த்தார்.

“எல்லாற்றயும் போட்டு இதை மட்டும் போடாட்டி அந்தப் பிள்ளை என்ன நினைக்கும்?”

“மற்றப் பக்கம் வெறுமையா இருக்கு அண்ணை.”

“அதை இப்ப நிரப்பினால் இண்டைக்குக் கண்காட்சி நடக்காது தங்கச்சி. அடுத்த வருசம் ஆறுதலா யோசிப்பம். அப்பிடியே விடும்.”

முடிவை அவர் எடுத்தார் என்று நான் பல நாள் எனக்குச் சொல்லிக்கொண்டேன். குத்தூசி என் கையில்தான் இருந்தது. மட்டையைக் கழற்றி வைத்திருந்தால் ஸைனப்புக்கு ஒரு விளக்கம் சொல்லவேண்டி வந்திருக்கும். அவ்வளவுதான். வலப்பாதியில் ஒரு வசனத்தை எழுதவைத்திருந்தால் கூட்டத்துக்கு ஒரு விளக்கம் சொல்லவேண்டி வந்திருக்கும். அப்படியே குத்தினால் யாருக்கும் ஒன்றும் சொல்லவேண்டியதில்லை. மூன்று வழியில் எனக்குச் செலவில்லாததை எடுத்தேன்.

பிள்ளைகள் தங்கள் மட்டைக்குப் பக்கத்தில் நின்று வருகிறவர்களுக்கு விளங்கப்படுத்தவேண்டும். ஆதிரா வேறு பக்கம் நடனத்துக்கு உடுப்பு மாற்றப் போய்விட்டாள். ஸைனப் தனியே நின்றாள். நல்ல சட்டை, புதுச் சப்பாத்து. நான் இரண்டு மட்டை தள்ளி ஜூஸ் தட்டோடு நின்றேன். தமிழர் அமைப்புக் கூட்டங்களில் பேசுகிற அண்ணை ஒருவர் வந்தார். வாசித்தார். பக்கத்தில் நின்றவரின் தோளில் தட்டினார்.

“பாத்தியே? அவையே எழுதி ஒத்துக்கொண்டிருக்கினம்.”

மற்றவர் கைபேசியில் படம் எடுத்தார். ஸைனப் நான் சொல்லிக்கொடுத்தபடியே, மரியாதையாக, “இன்னும் முடியேல்லை அங்கிள். மற்றப் பக்கம் ஆதிரா எழுதவேணும்” என்றாள்.

“அதில எழுத என்ன பிள்ளை இருக்கு?” என்று சிரித்து அவள் தலையைத் தடவினார்.

ஸைனப் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவரும் அவள் பார்வையைத் தொடர்ந்து என்னைப் பார்த்தார்.

“நல்ல வேலை தங்கச்சி. இப்பிடித்தான் பிள்ளையளுக்கு உண்மையைச் சொல்லிக் குடுக்கோணும்.”

“நன்றி அண்ணை” என்றேன்.

என் வாழ்க்கையில் திரும்ப எடுக்க விரும்புகிற சொற்கள் அதிகமில்லை. இவை இரண்டும் அவற்றில் முதல்.

பர்வீன் அக்கா வட்டிலப்ப இனிப்புத் தட்டோடு குசினி வாசலில் நின்றார். எவ்வளவு நேரமாக என்று தெரியாது. தட்டை மேசையில் வைத்தார், ஒரு கரண்டியை நேராக்கினார், மகளிடம் வந்தார்.

“ஸைனப், ஜக்கெற்றை எடு.”

“உம்மா, ஆதிரான்ர டான்ஸ் இன்னும்...”

“எடு.”

பிறகு என்னிடம், குரலை உயர்த்தாமல், “டீச்சர், இதை நான் கழட்டட்டோ, நீர் கழட்டுறீரோ?”

“அக்கா, பேந்து கதைப்பம். ஆக்கள் நிக்கினம்.”

“ஓம்,” என்றார். “ஆக்கள் நிக்கினம்தான்.”

அவர்கள் போன பிறகுதான் கழற்றினேன். அதற்குள் அந்தப் படம் பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவில் சுற்றிக்கொண்டிருந்தது. கீழே, கைதட்டுகிற கைக் குறிகள், எத்தனையோ பேருடையவை. பர்வீன் அக்காவும் அந்தக் குழுவில் இருந்தவர். அன்றைக்கே விலகினார்.

ஆடியில் ஒரு ஞாயிறு லொங்குய்ய்க்குப் போனேன். மன்னிப்புக் கேட்கவேண்டியவற்றை மெற்றோவில் மனத்துக்குள் ஒழுங்குபடுத்தினேன். பர்வீன் அக்கா கதவைத் திறந்தார், இருக்கச் சொன்னார், தேத்தண்ணி போட்டார். ஸைனப்பின் அறைக் கதவு சாத்தியிருந்தது. நான் முதலாவது, இரண்டாவது, மூன்றாவது என்று சொல்லி முடித்தேன்.

“நல்ல ஒழுங்கா சொல்லுறீர்,” என்றார். “உம்மட வேலையிலயும் இப்பிடித்தானோ?”

பிறகு தேத்தண்ணிக்குச் சீனி போட்டுக் கலக்கினார்.

“நாங்கள் அந்த மட்டையை எழுதின அண்டைக்கு என்ர மனுசன் கேட்டவர், உனக்கென்ன விசரோ, நீ எழுதுவாய், அவையள் எழுதுவினமோ எண்டு. நான் சொன்னன், அந்த டீச்சர் எழுதப்பண்ணுவா, அவவுக்கு எல்லாம் தெரியும், நான் சொல்லியிருக்கிறன் எண்டு.” கோப்பையை என் பக்கம் நகர்த்தினார். “இப்ப அவர் என்னை ஒண்டும் சொல்லுறேல்லை. சொன்னாலாவது பறவாயில்லை.”

“நான் அந்தப் பக்கத்தை எழுதி எல்லாருக்கும் அனுப்பட்டே அக்கா?”

“நீர் எழுதி எனக்கென்ன? அது உம்மட பாதியோ? அது ஆதிராப் பிள்ளையின்ர. அவள் தான் கேட்டவள். அவள் எழுதட்டும்.”

“ஸைனப் திரும்பி வருவாளோ?”

“என்னை ஏன் கேக்கிறீர்? அவளின்ர கதவு அந்தா.”

நான் போய்ச் சாத்திய கதவுக்கு முன்னால் நின்று, நான் செய்தது பிழை, உன்னைத் தனியாக விட்டேன் என்று சொன்னேன். ஒரு பிள்ளையிடம் கதவு வழியாக மன்னிப்புக் கேட்பது எப்படி என்று எனக்கு ஒருவரும் சொல்லித்தந்ததில்லை. உள்ளேயிருந்து குரல் வந்தது.

“மிஸ், ஆதிரா எழுதிட்டாளா?”

“இன்னும் இல்லையம்மா.”

அடுத்த கிழமை ஆதிராவின் வீட்டுக்குப் போனேன். நகரத்தின் மேற்கே, இல்-பிசார் தீவில் இருக்கிறார்கள். அப்பா புல்லு வெட்டுகிற மெஷினைக் கவிழ்த்து வைத்துக் கழுவிக்கொண்டிருந்தார். ஒரே மூச்சில் சொன்னேன்: உங்கள் மகள் எழுதவேண்டிய வசனம் இது, அதை நான் சொல்லாமல் விட்டேன், இப்போது சொல்ல உங்கள் அனுமதி வேண்டும். சண்டைக்கு வருவார் என்று எதிர்பார்த்தேன். அவர் தண்ணீரை நிப்பாட்டினார்.

“எனக்குத் தெரியாதெண்டே நினைக்கிறீர்?”

தண்ணீர்க் குழாயைப் புல்லில் போட்டார்.

“நான் அப்ப பள்ளிக்கூடத்தில ஏ.எல். படிச்சுக்கொண்டிருந்தனான். அவையள் வெளிக்கிட்டுப் போறதைச் சந்தியில சைக்கிளோட நிண்டு பாத்தனான். என்ர வகுப்புப் பெடியன் ஒருத்தன் தாயின்ர கையைப் பிடிச்சுக்கொண்டு போனவன். என்னைப் பாத்தவன். நான் குனிஞ்சு சைக்கிள் செயினைப் பிடிச்சுப் பாத்தன். செயினுக்கு ஒண்டுமில்லை.”

“அப்ப ஏன் அண்ணை ஆதிராவுக்கு ஒண்டும் நடக்கேல்லை எண்டு சொன்னனீங்கள்?”

“நடந்தது எண்டு சொன்னால் அவள் அடுத்ததா என்ன கேப்பாள்? அப்பா நீங்கள் எங்க நிண்டனீங்கள் எண்டு கேப்பாள்.” மெஷினை நிமிர்த்தினார். “யோசிச்சுச் சொல்லுறன் தங்கச்சி. இப்ப ஒண்டும் கேக்காதையும்.”

ஹீற்றரைக் கூட்டியது எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அவரைக் குற்றம் சொல்கிற தகுதி எனக்கு இல்லை என்று தெரிந்தது. அவர் பதினெட்டு வயதில், துவக்குகளுக்கு நடுவே குனிந்தவர். நான் படித்து, வேலை பார்த்து, ஒருவரும் எனக்கு ஒரு தீங்கும் செய்யமுடியாத ஒரு நாட்டில், ஜூஸ் தட்டோடு குனிந்தவள்.

உங்களுக்குச் சொல்லக்கூடியது இவ்வளவு. தூரத்து நாட்டின் சமாதானத்தைக் கற்பிப்பது சுகமான வேலை. பிள்ளைகள் கெட்டிக்காரர்கள், அந்தச் சுகத்தில் நிற்கமாட்டார்கள். ஒரு நாள் ஒருத்தி கை உயர்த்துவாள். அந்தக் கேள்விக்குப் பதிலை வகுப்புக்கு முன்பே, பெற்றோரோடு கதைத்து, உங்கள் வாயால் ஒருமுறையாவது சத்தமாகச் சொல்லிப் பார்த்துவிட்டுப் போங்கள். சொல்ல முடியாவிட்டால் அந்தப் பயிற்சியை அந்த வருடம் எடுக்கவேண்டாம். வீட்டில் கேட்டு வா என்று சொல்லாதீர்கள். ஒரு பக்கம் தன்னுடையதைச் சொல்லிவிட்டால், மற்றப் பக்கம் சொல்லும்வரை அதைச் சபைக்குக் கொண்டுவராமல் பாதுகாப்பது உங்கள் வேலை. நம்பிச் சொன்னவரை நாங்கள் வெளிச்சத்தில் தனியே நிறுத்தக்கூடாது. எல்லா வேலையையும்விட இதுதான் முதல்.

இப்போதைய நிலை இது. மூன்றாவது விதியை இப்போது திரும்பச் சேர்த்திருக்கிறேன்; உங்களிடமுள்ள குறிப்புகளிலும் எழுதிக்கொள்ளுங்கள். அதிபர் சம்மதித்துவிட்டார், ஆனால் எங்கள் ஊர்ப் பாடத்தை வகுப்பில் எடுப்பது பற்றி நிர்வாகக் குழு இன்னும் முடிவு செய்யவில்லை. நான் வகுப்பிலிருந்து விலகிவிட்டேன். ஒருவரும் விலகச் சொல்லவில்லை. தங்கட பிழையைத் தாங்களே சொன்னபடியால் பாலம் திறந்தது என்ற வசனத்தை இனி என்னால் சொல்லமுடியவில்லை, அதனால் விலகினேன். மட்டை என்னிடம் இருக்கிறது, வலப்பக்கத்தில் ஒன்றும் எழுதப்படவில்லை. ஆதிராவின் அப்பா இன்னும் பதில் சொல்லவில்லை. இந்தப் பருவத்துக்கு ஆதிரா பதிந்திருக்கிறாள். ஸைனப் பதியவில்லை.